மறுத்ததையும் எழுதச் சொன்ன மேஜர்

இராணுவ முகாமுக்குப் புது அதிகாரி வந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்பது ஒரு கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அவரை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். வயலுக்குப் போகிற வழியில் சென்றியில், அதாவது காவல் நிலையில், நிற்கிற சிப்பாய்ப் பொடியனைத்தான் கண்டிருப்பார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கையில் தருகிறானா, மண்மூட்டைக்கு மேல் எறிகிறானா? வயதுபோனவரையும் சைக்கிளால் இறக்கி நடக்க விடுகிறானா? பெண்பிள்ளைகளின் பையைக் கிளறும்போது பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சிரிக்கிறானா? இதெல்லாம் அந்தப் பொடியனின் குணம் என்று நினைப்பது பிழை. அதே பொடியன், அதே பாலை மரத்தடியில், அதிகாரி மாறிய மறுநாளே வேறு ஆளாக நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். வன்னியில் விதானையார் வேலை என்றால் எந்தக் காலத்திலும் துவக்கு வைத்திருப்பவருக்கும் குடும்ப அட்டை வைத்திருப்பவருக்கும் இடையில் நிற்கிற வேலை. இந்தியப் படை வந்த காலம், ஜெயசிக்குறு என்ற படை நடவடிக்கைக் காலம், சமாதான காலம், போர் முடிந்த 2009, அதற்குப் பிறகு மீள்குடியேற்றம் என்று எல்லாவற்றிலும் என் கையில் ஒரு பைலும் ஒரு பட்டியலும் இருந்தன. கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இப்போது பொறுப்பெடுக்கிற இளம் பிள்ளைகள், முகாம்காரருடன் எப்படிக் கதைப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், கிளர்ச்சியை அடக்கும் போர் என்ற ஒன்றைப் படைத்துறைப் பாடமாக மட்டும் படிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் இலங்கை இராணுவத்தின் 57ஆவது, 58ஆவது, 59ஆவது டிவிஷன்கள் எந்தத் திசையில் வந்தன, எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகள் காட்டுக்குள் எப்படி நகர்ந்தன என்று விபரமாக எழுதுகிறார்கள். அது உண்மைதான், சண்டையை அதுதான் முடித்தது. ஆனால் சண்டை முடிந்த பிறகும் அதே படை அதே ஊரில் வருடக்கணக்கில் இருந்தது. ஒரு தலைமையின் தரம் அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

நாங்கள் மீள்குடியேறிய பிறகு எங்கள் வயலுக்கும் குடிமனைக்கும் இடையில் முகாம் வேலி வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு வழி திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பட்டணத்துக்காரருக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. எங்களுடையது சின்னக் குளம். மழை குறைந்த சிறுபோகத்தில் முழு வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் காணாது. ஆகவே முறை வைத்துத் திறப்போம். ஒருவருடைய முறை சாமத்தில் வந்தால் அவர் சாமத்தில்தான் வரம்பில் நிற்க வேண்டும். மடை மாற்ற ஆள் இல்லாவிட்டால் ஒரு வயல் காயும், பக்கத்து வயல் வழியும். அதோடு கதிர் முற்றுகிற நேரம் இரவில் காவல் கொட்டிலில் ஆள் இல்லையென்றால் பன்றி விடாது. யானை வந்தால் பேச்சே இல்லை.

முதலில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தார், பொடியளுக்கு கிரிக்கெட் சாமான் கொடுத்தார், கோயில் திருவிழாவுக்கு முகாம் ஜெனரேற்றரை அனுப்பினார். மாதக் கூட்டத்தில் எப்போதும் ஒரே கேள்வி: “பிரச்சினை ஏதும் இருக்கா?” சனம் ஒரே பதில்: “ஒன்றும் இல்லை சேர்.” பகல் முழுக்க எங்களை மறிக்கிற அதே சிப்பாய் கூட்ட வாசலில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? நான் அரச உத்தியோகத்தன் என்ற முறையில் இரவு வழி பற்றி எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்புக் காரணம் என்று பதில் வந்தது. அந்தப் போகம் பாதி வயலைத்தான் வெட்டினோம். அந்த அதிகாரி மாற்றமாகிப் போகும்போது, இந்த ஊரில் ஒரு குறையும் இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் போனார். அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் அதைத்தான் எழுதியிருப்பார்.

அடுத்து வந்தவர் ஒரு மேஜர். கூட்டத்தில் பிரச்சினை இருக்கா என்று அவர் கேட்கவில்லை. கமக்கார அமைப்புத் தலைவரைப் பார்த்து, போருக்கு முந்தி இந்த வயலில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை எடுத்தீர்கள், போன போகம் எத்தனை என்று கேட்டார். தலைவர் சொன்னார். ஏன் இவ்வளவு குறைவு என்றார். அதற்குப் பதில் சொல்வது புகார் சொல்வதாக இருக்காது, விவசாயம் கதைப்பதாகத்தான் இருக்கும். ஆகவே மனிதர் வாய் திறந்தார்.

ஓர் இரவு, சாமம் கழிந்த நேரம், மேஜர் டோர்ச் லைட்டோடு வேலி வழிக்கு வந்து நின்றார். தலைவரையும் என்னையும் முன்கூட்டியே கூப்பிட்டிருந்தார். மூவரும் வாய்க்கால் ஓரமாக நடந்து போனோம். ஒரு பாத்தியில் பயிர் வெளிறிக் கிடந்தது, அடுத்ததில் வரம்புக்கு மேலால் தண்ணீர் போனது. காலணியோடு சேற்றில் இறங்கி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து சென்றிச் சிப்பாயிடம், இரவு யாராவது வழி கேட்டு வந்தார்களா என்றார். புத்தகத்தில் ஒரு பதிவும் இல்லை, ஒருவரும் வரவில்லை என்று பொடியன் சொன்னான். எங்கள் தலைவர் பின்னால் நின்று மெதுவாக, “நான் வந்தனான், பத்து மணிக்கு” என்றார்.

மேஜர் எங்களுக்கு முன்னால் அந்தப் பொடியனை ஏசவில்லை. எங்களை அனுப்பிவிட்டுத்தான் அவனோடு கதைத்தார். மறுநாளிலிருந்து அந்தப் பதிவுப் புத்தகத்தில் இன்னொரு நிரல் வந்தது. போக விட்டவர்களை மட்டும் எழுதிய புத்தகத்தில் இனி மறுக்கப்பட்டவர்களையும் எழுத வேண்டும். யார் வந்தார், என்ன கேட்டார், ஏன் மறுத்தாய்? காலையில் அந்தப் பக்கத்தை அவரே பார்ப்பார். காரணம் எழுத வேண்டும் என்றதும் காரணம் இல்லாத மறுப்புகள் தாமாகக் குறைந்துவிட்டன. கொஞ்ச நாளில் இரவு வழிக்கு ஒரு ஒழுங்கு வந்தது. முறைப் பட்டியலைக் கமக்கார அமைப்பு பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். டோர்ச்சை நிலத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சென்றி எல்லாவற்றுக்கும் பட்டியலின் பிரதி போகும். அந்தச் சிறுபோகம் வயல் தப்பியது.

இதனால் முகாமின் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. முன்பு இருட்டில் யார் திரிகிறார் என்று முகாமுக்குத் தெரியாது. வேலிக்குள்ளால் நுழைந்து போகிறவன் திருடனா, வேறு ஆளா, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற அப்பாவியா என்று தெரியாமல் சிப்பாயும் பயந்துகொண்டுதான் நின்றான். இப்போது யார் எங்கே நிற்கிறார் என்று அவனிடம் பேர்ப் பட்டியல் இருந்தது. கிளர்ச்சியை அடக்கும் போரில் தகவல்தான் எல்லாம் என்று படைத்துறைக்காரர் எல்லோரும் சொல்வார்கள். தகவல் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டுகிற தலையாட்டியும் விசாரணையும். ஊர் தானாகக் கொடுக்கக்கூடிய தகவல் இப்படித்தான் வரும், அதைக் கொடுப்பதால் ஊருக்கும் ஒரு பலன் இருந்தால்.

அந்தப் புத்தகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 2009தான் ஞாபகம் வரும். இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், கட்டுப்பாட்டுப் பகுதியிலும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் கொழும்புச் சம்பளத்தில்தான் வேலை செய்தோம். உலருணவு நிவாரணத்துக்கு எத்தனை குடும்பம், எத்தனை பேர் என்று பட்டியல் எடுப்பது எங்கள் வேலை. இடம்பெயர்ந்து, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று தரப்பாளைத் தூக்கித் தூக்கிப் போனபோதும் பட்டியல் எடுத்தோம். மூன்று இலட்சத்துக்குக் கிட்டச் சனம் உள்ளே இருப்பதாக மாவட்ட நிர்வாகம் எழுதியது. 2009 தொடக்கத்தில் கொழும்பு சொன்னது 70,000 அளவில். கப்பலில் வந்த உணவும் மருந்தும் அந்தச் சிறிய கணக்கை வைத்தே வந்தன. கடைசியில் முகாம்களில் எண்ணியபோது 2,80,000 வரை வந்தது. நாங்கள் எழுதியது சரி. எழுதியதைக் கேட்கத்தான் மேலே ஆள் இல்லை.

பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்பதே கொள்கை என்று அப்போது சொன்னார்கள். ஒரு தலைமை எண்ணிக்கையை முன்கூட்டியே பூச்சியம் என்று அறிவித்துவிட்டால், களத்தில் நிற்கும் எந்த அதிகாரி ஒன்று என்று எழுதி அனுப்புவான்? பாதுகாப்பு வலயம் என்று ஜனவரியில் அறிவித்த இடத்துக்குள்ளேயே ஷெல் விழுந்தது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்தை நான் பார்த்தவன். அந்த வரிசையில் நின்ற பலருடைய பெயர்கள் என் பட்டியலில் இருந்தன, அடுத்த பட்டியலில் இல்லை. இதை ஆறுதலாக எழுத என்னால் முடியாது.

இயக்கத்தின் தலைமையையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும், விட்டுக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவர் போராட வர வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் யாரையும் எந்த வயதிலும் பிடித்தார்கள். தாய்மார் பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்து வைத்தார்கள். பாஸ் இல்லாமல் வெளியேற முடியாது என்றிருந்த சனத்தை, முடிவில் தப்பி ஓடும்போதும் மறித்தார்கள், சுட்டார்கள். அதே நிபுணர் குழு அதையும் பதிவு செய்திருக்கிறது. சனம் தங்களை விட்டு மனத்தால் விலகிவிட்டது என்பதைத் தலைவருக்கு நேரே சொல்ல அந்த அமைப்புக்குள் யாருக்கும் இடம் இருக்கவில்லை. கெட்ட செய்தியைக் கீழிருந்து மேலே போக விடாத தலைமை எந்தச் சீருடையில் இருந்தாலும் அதன் விலையைச் சனம்தான் கொடுக்கிறது.

நிலத்தைப் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியைத் திறப்பதுதான் நோக்கம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று படத்தில் ஒரு கோடு. ஒன்றரை வருடத்துக்கு மேல் சண்டை பிடித்தும் வீதி வழியாகக் கிளிநொச்சியைத் தொட முடியவில்லை. மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில், படையின் கையில் முன்பே இருந்த கிளிநொச்சியும் கைவிட்டுப் போனது. 1998 டிசம்பரில் நடவடிக்கையை நிறுத்தினார்கள். 1999 நவம்பரில் ஒட்டுசுட்டான் பக்கம் படையின் அரண் உடைந்ததும், அவ்வளவு காலம் பிடித்த இடமெல்லாம் சில நாட்களில் போய்விட்டது. படைத்துறைக்காரர் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். நான் கண்டது இது. படை முன்னேற முன்னேறச் சனம் மாட்டையும் வண்டிலையும் ஓட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டது. படை பிடித்தது வெறும் ஊர்களை. ஆள் இல்லாத ஊரில் யாருடைய நம்பிக்கையைப் பெறுவது? எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு மட்டும்தான் மிஞ்சும். அதோடு சீமெந்து, பற்றரி, பெற்றோல், உரம் என்று எல்லாவற்றுக்கும் தடை. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் படித்த பிள்ளைகள், தங்களை நெருங்கி வருகிற படையைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?

இந்தியப் படையின் கதை வேறு. 1987 யூலையில் அமைதி காக்க வந்தார்கள், ஒக்டோபரில் சண்டையில் இறங்கினார்கள். மாலை போட்டு வரவேற்ற சனத்தைச் சில மாதத்திலேயே ரவுண்டப் என்ற சுற்றிவளைப்பில் வெயிலில் இருத்த வேண்டி வந்தது. அந்தச் சிப்பாய்க்கு அவன் எதற்காக வந்தான் என்று யாரும் மாற்றிச் சொல்லவில்லை. ஏறத்தாழ 1,200 பேரை இழந்து 1990 மார்ச்சில் போனார்கள். வேலை மாறினால் கட்டளையும் மாற வேண்டும், அதைக் கடைசிச் சிப்பாய் வரை சொல்ல வேண்டும். அது நடக்கவில்லை.

என் பெரியையா மலாயா பென்சன்காரர், றெயில்வேயில் வேலை செய்தவர். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க அங்கே சனத்தைப் பெயர்த்து வேலி அடைத்த புதுக் கிராமங்களில் வைத்ததை அவர் சொல்வார். ஐந்து இலட்சம் வரையிலான மக்கள், பெரும்பாலும் சீனர். 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளரைத்தான் உலகம் முழுக்க இந்த வகைப் போருக்கு முன்மாதிரி என்கிறார்கள். அவரே தஞ்சோங் மாலிம் ஊருக்கு நாளில் 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கையும் குறைத்தவர். அதைப் பார்த்துப் பழகக் கூடாது. ஆனால் அந்த நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 1957இல் மலாயாவுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். கெரில்லாக்கள் எதைச் சொல்லி ஆள் சேர்த்தார்களோ அந்தக் காரணத்தின் பெரும்பகுதி கையிலிருந்து போய்விட்டது. 1960இல் அவசரகாலம் முடிந்தது. நாங்களும் போர் முடிந்ததும் செட்டிகுளம் மனிக் பாம் அகதி முகாமில் முள்கம்பிக்குள் இருந்தோம். வேலியை மட்டும் மலாயாவிலிருந்து எடுத்தார்கள். அரசியல் தீர்வு என்ற மற்றப் பாதி இன்றுவரை வரவில்லை. இதைப் படை அதிகாரியால் கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். எவ்வளவு நல்ல அதிகாரி வந்தாலும் அந்த இடத்தில் அவர் கை கட்டித்தான் இருந்தது.

சரி, திரும்பவும் ஊருக்கு வருகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்களை அதிகம் வதைத்தது மொட்டைக் கடிதம். எல்லைத் தகராறு, சீதனத் தகராறு, கடன் தகராறு எல்லாம் முகாமுக்கு ‘இவர் இயக்கத்தில் பெரிய ஆள், ஆயுதம் புதைத்திருக்கிறார்’ என்ற கடிதமாகப் போனது. ஒரு கடிதம் போதும், முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்து லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைக்கிற ஒரு பொடியனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக. முற்றத்தைக் கிண்டுவார்கள், கிணற்றை இறைப்பார்கள், ஒன்றும் இராது. அவன் திரும்பி வந்தாலும் ஊர் அவனோடு கதைக்கப் பயப்படும். சில அதிகாரிகளுக்கு இந்தக் கடிதங்கள் பிடிக்கும், தகவல் வருகிறது என்று கணக்குக் காட்டலாம்.

அதே மேஜர் இதற்கும் ஒரு வழி செய்தார். கடிதம் வந்தால் உடனே ஆளைப் பிடிக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டு, கடிதத்தைக் காட்டாமல், இன்னாருக்கும் அயலாருக்கும் காணிப் பிணக்கு ஏதும் உண்டா என்று கேட்பார். பிரதேச செயலகத்தில் காணிப் பைல் இருக்கும், மத்தியஸ்த சபையில் வழக்கு இருக்கும். பத்தில் எட்டுக் கடிதத்துக்கு அங்கேயே விளக்கம் கிடைத்துவிடும். கடைசியாக ஒரு கூட்டத்தில், பெயர் போடாத கடிதத்துக்கு இனி நான் ஆளை எழுப்ப மாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடிதம் நின்றுபோனது. உங்கள் ஊரில் இது இன்னும் நடந்தால், மத்தியஸ்த சபைக்குப் போன பிணக்குகளின் விபரத்தைச் சங்கத்தில் ஒரு கொப்பியில் வைத்திருங்கள். வேண்டிய நேரம் காட்டலாம்.

ஒழுக்கம் பற்றி ஒன்று மட்டும். 1996இல் செம்மணிச் சோதனைச் சாவடியில் பள்ளி மாணவி கிருஷாந்தியை வல்லுறவு செய்து கொன்று, தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்ற வழக்கில் 1998இல் சிப்பாய்களுக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. சீருடை போட்டவனுக்கும் நீதிமன்றம் உண்டு என்று தமிழ்ச் சனம் கண்ட அரிதான நாட்களில் அது ஒன்று. 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் ஒருவருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். அந்தச் செய்தியைச் சென்றியில் நிற்கும் ஒவ்வொரு பொடியனும் கேட்டிருப்பான். நல்ல அதிகாரி ஒருவர் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததை ஒரு கையெழுத்து அழித்துவிடும்.

விசுவமடுவில் 2018 யூனில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றமாகிப் போனபோது, அங்கே வேலை செய்த முன்னாள் போராளிகளும் பெண்களும் அழுதார்கள், மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அவர்களை ஏசினார்கள். நான் ஏச மாட்டேன். புனர்வாழ்வு முடித்து வந்தவர்களுக்கு ஒரு கடைக்காரர்கூட வேலை கொடுக்காத காலத்தில் மாதச் சம்பளம் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுப் பிரச்சினை கேட்ட மனிதர் அவர். அழுதது உண்மையான அழுகை. அவர் நல்ல தலைவர் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வேலை கொடுக்க வேண்டிய மாகாண சபையும் விவசாயத் திணைக்களமும் அங்கே இல்லாமல், பாலர் பாடசாலை ஆசிரியைகூடப் பாதுகாப்பு அமைச்சின் சம்பளத்தில் இருந்தார் என்பதுதான் என் மனத்தாங்கல். நல்ல மனிதர் போனால் நன்மையும் கூடவே போய்விடும் என்று சனத்துக்குத் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் அழுதார்கள்.

எங்கள் மேஜருக்கும் அதுதான் நடந்தது. மாற்றம் வந்தது, போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் கிழமையே இரவு வழியைப் பூட்டினார். கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரியாது. முன்னவர் வாயால் கொடுத்த ஒழுங்கு, எழுத்தில் எங்கும் இல்லை. ஆகவே சங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சம்மதித்ததை எழுத்தில் வாங்குங்கள். அவர் கையெழுத்து வைக்கத் தயங்கினால், நடந்த கூட்டத்தின் அறிக்கையை நீங்களே எழுதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி போட்டு, முகாம் சிவில் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். புதியவர் வந்தால் அவர் கூப்பிடும்வரை இருக்காதீர்கள். முதல் கிழமையே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: இந்த ஒழுங்கு இந்தத் திகதியில் தொடங்கியது, இதுவரை இத்தனை இரவு நடந்தது, ஒரு அசம்பாவிதமும் இல்லை. எங்களுக்கு வழி திரும்பத் திறந்தது அப்படித்தான்.

தனியாகப் போகாதீர்கள். போகிறவர்களில் ஒரு பெண் இருக்கட்டும், ஒரு வயதானவர் இருக்கட்டும். சிங்களம் தெரிந்த உங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் மிக நல்லது. முகாம் தருகிற மொழிபெயர்ப்பாளர் அதிகாரிக்குப் பிடிக்காததைச் சுருக்கிச் சொல்லிவிடுவார். பிறகு, “எங்களுக்குக் கஷ்டம்” என்று பொதுவாகக் கதைக்காதீர்கள். எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை, எந்த மணிக்கு யார் மறிக்கப்பட்டார் என்று கதையுங்கள். முகாம் புத்தகத்தில் மறுப்பை எழுதாவிட்டால் உங்கள் கொப்பியில் எழுதுங்கள்.

படை பிடித்து வைத்திருக்கிற காணி விசயம் இன்னும் முடியவில்லை. கேப்பாப்பிலவு மக்கள்தான் 2012 செப்டெம்பரில் மனிக் பாமிலிருந்து கடைசியாக வெளியேறியவர்கள். அவர்களைச் சொந்த ஊருக்கு விடாமல் சூரிபுரத்தில் மாதிரிக் கிராமம் என்று இருத்தினார்கள். 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள், கைக்குழந்தையோடு இரவு பகலாக. மார்ச் முதலாம் நாள் 42 ஏக்கர் விடுபட்டது. அவர்களிடம் காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் இருந்தன, எந்த மரம் யாருடைய எல்லை என்று சொல்லக்கூடிய கிழவிகள் இருந்தார்கள். இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்துக் காணிப் பதிவேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். பழைய குடும்ப அட்டை, மின் பட்டியல், கூட்டுறவுச் சங்க அட்டை, பிள்ளையின் பள்ளி அனுமதிப் பதிவு எல்லாம் வதிவிடத்துக்குச் சான்று. எங்கள் ஊரிலும் வாய்க்கால் தலைப்பு இன்னும் வேலிக்குள்தான் இருக்கிறது. நில அளவைப் படத்தின் பிரதியோடு கமக்கார அமைப்பு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறது. மழைக்காலக் காலபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் அதை எடுக்கிறார்களாம். போகிறவர்கள் அந்தப் பழைய இரவு வழி ஒழுங்கின் முத்திரை குத்திய பிரதியையும் கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.